எக்கொனமி சீற்றில் 14 மணி நேரம்: எந்த உபாதைக்கு என்ன செய்யலாம்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் யாராவது வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்றால் அந்த வீட்டுத் தராசுக்கு ஓய்வில்லை. கறித்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, பேரப்பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை என்று அடுக்கி, 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று மூன்று தரம் நிறுத்துப் பார்ப்போம். பாஸ்போட், விசா, காசு எல்லாவற்றையும் சரிபார்ப்போம். அந்த ஒடுங்கிய கதிரையில் எப்படி இருந்து போவது என்பதை மட்டும் யாரும் கதைப்பதில்லை.

என் அம்மாவை முதல் தடவை ரொறன்ரோவுக்குத் தனியாகத்தான் அனுப்பினோம். வளைகுடாவில் விமானம் மாறி, வீல்செயாரில் வெளியே வந்தபோது செருப்பு இரண்டும் அவர் மடியில் இருந்தன. கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. தம்பி கேட்டிருக்கிறான், "தண்ணி குடிச்சனீங்களோ அம்மா?" அதற்கு அம்மா சொன்ன பதில்: "இல்லை ராசா, குடிச்சா எழும்ப வேணுமெல்லே. பக்கத்திலை இருந்த பொடியன் நல்ல நித்திரை, பாவம்."

அதற்குப் பிறகு இரண்டு தடவை நானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். டொக்டரிடம் கேட்டு, தேடிப் படித்து, பறப்பில் செய்து பார்த்தவற்றை உபாதை வாரியாக எழுதுகிறேன். எது உங்களைப் படுத்துகிறதோ அந்த இடத்துக்கு நேரே போங்கள். புறப்பட முன் வாசித்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் பல உபாதைகள் தெரிய வரும்போது அரைவாசித் தூரம் போயிருக்கும்.

நேரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு நேரே பறந்தால் சுமார் 11 மணி நேரம். மெல்பேர்ணுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. ரொறன்ரோ என்றால் வளைகுடா வரை சுமார் 5 மணி, அங்கிருந்து இன்னும் 14 மணி. இடையில் காத்திருப்பது வேறு.

கால் வீங்கிவிட்டது

முதலில் ஒன்றைப் பாருங்கள். இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா, ஒரு கால் மட்டுமா?

இரண்டும் ஒரேயளவு வீங்கி, நோவில்லாமல், பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறது என்றால் அது வழமையான பயண வீக்கம். மேஸைக் கழற்றும்போது இலாஸ்ரிக் இருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும், அதுவும் இதே கதைதான். காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசை. நடந்தால்தான் அது வேலை செய்யும். மணிக்கணக்காக அசையாமல் காலைத் தொங்கப் போட்டால் இரத்தம் கீழே தேங்கும், நீர் கசிந்து சதைக்குள் இறங்கும்.

நம் அம்மாமாருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் தரையில் படியாது. சீற்றின் முன்விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பாதத்துக்கு அடியில் கைப்பையையோ மடித்த போர்வையையோ வைத்து, முழங்கால் இடுப்பின் உயரத்துக்கு வரும்படி செய்தேன். வேறெதையும் விட இதுதான் அவருக்கு உதவியது.

வீங்கத் தொடங்கிவிட்டால் எழும்பி விமானத்தின் பின்பக்கம் வரை நடவுங்கள். அங்கே எதையாவது பிடித்துக்கொண்டு இருபது தரம் குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். எழும்ப முடியாத நேரத்தில் இருந்த இடத்திலேயே குதிக்காலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள். அரை மணிக்கு ஒரு தரம் செய்தால் போதும். காலுக்குமேல் கால் போட்டு இருக்க வேண்டாம்.

அடுத்த முறைக்கு, பட்டி தளர்த்தக்கூடிய செருப்பு அல்லது சற்றுப் பெரிய சப்பாத்து. முழங்காலுக்குக் கீழே வரும் கொம்பிரஷன் ஸ்ரொக்கிங் (காலை அளவாக அழுத்திப் பிடிக்கும் நீண்ட மேஸ்) வீக்கத்தை நன்றாகக் குறைக்கும். பாமசியில் வாங்கும்போது காலை நேரத்தில், கால் வீங்க முன் அளவெடுங்கள். கெண்டைக்காலை வெட்டுவதுபோல இறுக்கினால் அது அளவில்லை என்று அர்த்தம். சலரோகத்தால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது.

இனி மற்றது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் நோவும் சூடும் சிவப்பும் இருந்தால் அது வேறு. காலின் ஆழத்தில் ஓடும் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சுகதேகிகளுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், ஆகவே பயப்படத் தேவையில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் காரிலும் கூட இது பொருந்தும். ஆனால் முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் ரிக்கெற் எடுக்க முன்பே டொக்டரோடு கதைக்க வேண்டும். "அஸ்பிரின் ஒன்று போட்டுக்கொண்டு போங்கோ" என்று யாராவது சொன்னால், டொக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

விமானத்தை விட்டு இறங்கிப் பல நாட்கள் கழித்தும் இந்தக் கட்டி தலைகாட்டலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் திடீரென மூச்சு வாங்கும், நெஞ்சு நோகும். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000. இங்கே வந்த பிறகு என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். டொக்டரிடம் மறக்காமல், "இத்தனை மணி நேரம் பிளேனில் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

தலையிடி, வாய் காய்கிறது, சலம் மஞ்சளாகப் போகிறது

தண்ணீர் போதவில்லை. விமானத்துக்குள் ஈரப்பதன் 10 முதல் 20 வீதம்தான். கொழும்பில் 80 வீதத்தை ஒட்டி வாழ்கிற நம் உடம்புக்கு அது பாலைவனம். ஆனால் நம் ஆட்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தாகம் தெரியாதது அல்ல, எழும்பக் கூச்சம். ரொய்லெற் கதவு எப்படித் திறக்கும் என்ற பயம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புவதில் உள்ள சங்கடம். வயது போனவர்களை அனுப்பும் பிள்ளைகள் இந்தப் பகுதியைத்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

முதல் வேலை இடைவழியோரச் சீற். யன்னலோரம் வடிவாக இருக்கும்தான், ஆனால் 65 வயதுக்கு மேல் இடைவழிதான் நல்லது. மூன்று, நான்கு, மூன்று என்று சீற் போட்ட விமானங்களில் நடு வரிசையின் ஓரம் இன்னும் மேல். நான்கு பேரில் இருவர் மற்றப் பக்கத்தால் போய்விடுவார்கள், உங்களைத் தாண்டிப் போக ஒருவர்தான் இருப்பார். இரண்டு, நான்கு, இரண்டு என்ற அமைப்பில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போனால் யன்னல் பக்கத்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். வேறு யாரையும் எழுப்பத் தேவையில்லை.

இரண்டாவது, இடைவழிப் பக்கத்துக் கைப்பிடி. அது அசையாது என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான சீற்றுகளில் கைப்பிடியின் அடிப்பக்கம், முதுகுச்சாய்வோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, விரலில் தட்டுப்படும் ஒரு சின்ன விசை இருக்கும். அதை அழுத்திக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினால் மேலே போய்விடும். முழங்கால் நோவுள்ளவர், சாறி உடுத்தவர் அப்படியே பக்கவாட்டில் திரும்பி எழும்பலாம். முதல் தடவை அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு அவரே திறந்தார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கீழே விட்டுவிட வேண்டும்.

ரொய்லெற் கதவு பெரும்பாலும் நடுவில் மடிகிற கதவு. கைபிடியைத் தேடாமல் நடுவில் தள்ளினால் உள்ளே மடியும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டால்தான் லைற் முழுதாக எரியும், இருட்டு என்று பயந்து திரும்ப வேண்டாம். தண்ணீர் இழுக்கும் சத்தம் பெரிதாக இருக்கும், ஒன்றும் ஆகாது. பூட்டிக்கொண்டுவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரே யோசனை. பணியாளர்கள் வெளியிலிருந்தே திறப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. கழுவத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஒரு சின்ன வெறும் போத்தலைக் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

எப்போது போவது? சாப்பாட்டு வண்டி இடைவழியில் வர முன்பு போய் வந்துவிட வேண்டும். வண்டி நடுவில் நின்றால் அரை மணி நேரம் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. சாப்பிட்டு முடிந்தவுடன் வரிசை நீளமாக இருக்கும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க வேண்டாம். மணிக்கு அரைக் கோப்பை, ஒரு கோப்பை என்று மிடறு மிடறாகக் குடித்தால் சலம் அடிக்கடி முட்டாது. இருதயம், சிறுநீரக வருத்தத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் டொக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு முன் போத்தலை வெறுமையாக்கிக் கொண்டுபோய், விமானத்தில் பணியாளரிடம் நிரப்பித் தரச் சொல்லுங்கள். மணியை அழுத்துவது மரியாதைக் குறைவு இல்லை, அது அதற்காகத்தான் இருக்கிறது. "வோட்டர் பிளீஸ்", "எக்ஸ்கியூஸ் மீ" என்ற இரண்டும் தெரிந்தால் போதும், ஆங்கிலம் தெரியாது என்ற கவலையே வேண்டாம்.

நாரி பிடித்துவிட்டது, பிடரி இழுக்கிறது

எக்கொனமியில் முன்சீற்றுக்கும் உங்கள் சீற்றுக்கும் உள்ள இடைவெளிக் கணக்கு 31, 32 அங்குலம். அகலம் 17, 18 அங்குலம். இதை நாம் கூட்ட முடியாது. உடம்பு வைக்கும் விதத்தை மாற்றலாம்.

நாரி நோவதற்குக் காரணம் பெரும்பாலும் கூன் விழுந்து, இடுப்பு முன்னுக்குச் சறுக்கி இருப்பது. தருகிற சின்னத் தலையணையைத் தலைக்கு வைக்காமல் நாரிக்கு வையுங்கள். அது போதாவிட்டால் ஒரு துவாயையோ சாரத்தையோ உருட்டி, இடுப்புப்பட்டி வரும் உயரத்தில் குறுக்கே வைக்கலாம். உள்ளங்கை தடிப்புக் காணும், அதற்கு மேல் உருட்டினால் முதுகை முன்னுக்குத் தள்ளும். இருக்கும்போது பிட்டத்தைப் பின்னுக்கு ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு சாயுங்கள். சீற்றைக் கொஞ்சமாவது சாய்ப்பது முதுகுக்கு நல்லது. பின்னால் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது முடியும் வரை பொறுங்கள்.

பிடரிக்கு, தலைசாய்க்கும் பகுதியின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பல விமானங்களில் அவை முன்னுக்கு மடியும், உயரத்தையும் ஏற்றி இறக்கலாம். இரண்டையும் மடித்துவிட்டால் நித்திரையில் தலை சரியாது. கழுத்துத் தலையணை வாங்குகிறவர்கள் கடையில் ஒரு தரம் மாட்டிப் பாருங்கள், பின்பக்கம் தடிப்பாக இருந்தால் தலையை முன்னே தள்ளிவிடும். அப்படிப்பட்டதைத் திருப்பி, திறந்த பக்கம் பிடரிக்கு வரும்படி போட்டால் நாடிக்கு முட்டுக் கொடுக்கும்.

சித்தாலேப கொண்டுபோகிறவர்கள் கொஞ்சமாகத் தடவுங்கள். மூடிய இடத்தில் அந்த வாசம் நான்கு வரிசைக்குப் போகும், சிலருக்கு அதிலேயே தலையிடி வரும்.

சீற் தெரிவு செய்யும்போது கடைசி வரிசையையும் ரொய்லெற்றுக்கு முன்னுள்ள வரிசையையும் விடுங்கள். சாய்க்க இடம் குறைவு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கூட. முன்னால் சுவர் உள்ள வரிசையில் கால் நீட்டலாம் என்பார்கள். உண்மை. ஆனால் மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. கைக்குழந்தைகளுக்கான தொட்டிலும் அங்கேதான் மாட்டுவார்கள்.

வயிறு ஊதிக்கொண்டு கிடக்கிறது

கைப்பையில் இருக்கும் மிக்ஸர் பக்கற்றை எடுத்துப் பாருங்கள். பலூன் போல உப்பியிருக்கும். உங்கள் குடலுக்குள் இருக்கும் காற்றுக்கும் அதேதான் நடக்கிறது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், நுவரெலியாவிலிருந்து பீதுருதாலகால உச்சியை நெருங்கும் வரை. அந்த அழுத்தத்தில் காற்று கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை விரியும்.

அப்படி விரியும் என்று தெரிந்தும், புறப்படும் இரவு என்ன சாப்பிடுகிறோம்? வழியனுப்ப வந்தவர்களோடு கொத்து, ஆட்டிறைச்சிக் கறி, கடலை, உழுந்து வடை, அதற்குமேல் சோடா. அன்பாகச் சமைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அந்த விருந்தை முதல் நாளுக்கு வையுங்கள். புறப்படும் நாளில் இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் முட்டையும் போதும். பருப்பு, கடலை, கோவா, வெங்காயம், காஸ் உள்ள பானம் இவற்றை அன்று விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உப்பிவிட்டதா? எழும்பி நடவுங்கள், அதுதான் முதல் மருந்து. சுடுதண்ணீர் வாங்கி ஒரு துண்டு வேர்க்கொம்பு போட்டுக் குடியுங்கள். இடுப்பைத் தளர்த்துங்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய இடத்தில் அம்மாவுக்குச் சிவந்த கோடு விழுந்திருந்தது, இரண்டு நாள் போகவில்லை. இலாஸ்ரிக் இடுப்புள்ள பருத்திச் சல்வார் இந்தப் பயணத்துக்குச் சாறியை விட நூறு மடங்கு நல்லது. இறங்க முன் சாறிதான் உடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மாறும் விமான நிலையத்தில் உடுக்கலாம்.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிய வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. "இந்துச் சாப்பாடு" என்று பதிந்தால் மாட்டிறைச்சி இராது, ஆனால் கோழியோ மீனோ ஆடோ வரலாம். மரக்கறி மட்டும் வேண்டுமென்றால் "ஏசியன் வெஜிற்றேரியன்" என்று கேளுங்கள், அதன் குறியீடு ஏ.வி.எம்.எல். விரத காலத்தில் போன ஒரு மாமி இது தெரியாமல் பாணும் பழமும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

காது அடைத்துக்கொண்டது

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வளைவுகளில் கீழே இறங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதி. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. ஏறும்போது காதுக்குள் உள்ள காற்று அதன் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது உள்ளே போக அந்தக் குழாயை நாம் திறந்து கொடுக்க வேண்டும். விழுங்கினால், கொட்டாவி விட்டால், சப்பினால் அது திறக்கும். நித்திரையில் இருப்பவர்கள் விழுங்குவது குறைவு. ஆகவே தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே எழும்பி ஒரு டொபியை வாயில் போடுங்கள். குழந்தைக்கு அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள்.

அடைத்துவிட்டால், மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக மூக்கால் ஊதுங்கள். மெதுவாக என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், பலமாக ஊதினால் காதுச் சவ்வுக்குக் கேடு. திறக்காவிட்டால் விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி.

கடும் தடிமனோடு பறப்பது நல்லதல்ல. தவிர்க்க முடியாவிட்டால் மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை இறங்கத் தொடங்க முன் விட்டுக்கொள்ளலாம். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே டொக்டரைக் கேட்க வேண்டும். இறங்கி இரண்டு மூன்று நாளாகியும் திறக்கவில்லை, நோவு கூடுகிறது, நீர் வடிகிறது என்றால் காதைக் காட்டுங்கள்.

கண் எரிகிறது, மூக்கு வறள்கிறது, குளிர்கிறது

கொன்ராக்ற் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். உப்புநீர் மூக்குச் சொட்டு, உதட்டுக்குக் கொஞ்சம் வஸலின். திரவங்கள் எல்லாம் 100 மில்லிலீற்றருக்கு உட்பட்ட போத்தலில்தான் கைப்பையில் போகலாம்.

குளிருக்குப் போர்வை மட்டும் காணாது. வெளியே பாகை மறை ஐம்பதுக்கும் கீழே. யன்னலோரச் சுவரும் தரையும் சில்லென்றிருக்கும். மேஸ், சுவெற்றர், காதைச் சுற்றிக் கட்ட ஒரு சால்வை. இவை மேலே தட்டில் வைக்கும் பெட்டிக்குள் இருந்து பயனில்லை. மடியில் வைக்கும் சின்னப் பைக்குள் இருக்க வேண்டும்.

தலை சுற்றுகிறது, சத்தி வருகிறது

இரண்டும் ஒன்றல்ல. எழும்பியவுடன் கண் இருட்டுகிறது என்றால், நெடுநேரம் இருந்து சட்டென்று எழும்பியதால் இரத்த அழுத்தம் விழுகிறது. விமானத்தில் மயக்கம் வருவது மிகச் சாதாரணமாக நடப்பது. எழும்ப முன் காலை இருபது தரம் ஆட்டுங்கள், சீற்றின் விளிம்பில் ஒரு நிமிடம் இருங்கள், பிறகு எழும்புங்கள். நடக்கும்போது வந்துவிட்டால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே கீழே இருந்துவிடுங்கள். தலைசுற்றோடு ரொய்லெற்றுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள மட்டும் வேண்டாம். பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு இதில் பயிற்சி உண்டு. மதுபானம் இதைக் கூட்டும்.

ஆட்டத்தால் வரும் சத்தி என்றால், இறக்கைக்கு நேராக உள்ள சீற்றுகளில் ஆட்டம் குறைவு, வாலில் கூட. புத்தகத்தையும் திரையையும் விட்டு, தலையைச் சாய்வில் ஊன்றி அசையாமல் வைத்து, கண்ணை மூடுங்கள். மேலே உள்ள காற்றுக் குமிழை முகத்துக்குத் திருப்புங்கள். பயணச் சத்திக்கான குளிசை புறப்பட முன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், வந்த பிறகு எடுத்தால் வயிற்றில் நிற்காது.

நித்திரை வரவில்லை

ஏறியவுடன் கைக்கடிகாரத்தைப் போகும் ஊரின் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இரவென்றால் மட்டும் படுக்கப் பாருங்கள். சீற் பெல்ற்றைப் போர்வைக்கு மேலே கட்டுங்கள், விமானம் ஆடும்போது அதைப் பார்க்க உங்களை எழுப்பமாட்டார்கள். இரைச்சல் விடாமல் அடிக்கும், பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு சோடி பெரிய உதவி. கண்ணுக்குச் சால்வை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தடிமனுக்கும் கடிக்கும் எடுக்கும் நித்திரைக் குளிசையைப் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் நிறைய. வயது போனவர்களுக்கு அது வாயைக் காயவைக்கும், சிலருக்குச் சலத்தை அடைக்கும், எழும்பும்போது தள்ளாட வைக்கும். மருந்து மயக்கத்தில் கோணலாக மடங்கி ஆறு மணி நேரம் அசையாமல் கிடந்தால் மேலே சொன்ன இரத்தக் கட்டிக்கும் வழி திறக்கும். நித்திரை வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதே உடம்புக்கு ஓய்வு.

குளிசை எடுக்கும் நேரம் குழம்பிவிட்டது

மருந்தெல்லாம் கைப்பையில், டொக்டரின் துண்டோடு. இன்சுலினை ஒருபோதும் பெரிய சூட்கேஸில் போடாதீர்கள், கீழே உறைந்து பழுதாகலாம். ரொறன்ரோவின் நேரம் நமக்குப் பின்னால் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி. மேற்கே போகும்போது அந்த நாள் அவ்வளவு நீளும், ஆகவே "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்ற கணக்கு உடையும். புறப்பட ஒரு கிழமைக்கு முன் டொக்டரிடம் போய், இத்தனை மணிக்கு ஏறுகிறேன், இத்தனை மணிக்கு இறங்குகிறேன் என்று காட்டி, கொழும்பு நேரப்படியே எத்தனை மணிக்கு எதை எடுப்பது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அம்மாவின் தொலைபேசியில் அந்த நேரங்களுக்கு அலாரம் வைத்தோம். சீனி வருத்தக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கண்ணால் கண்ட பிறகே சாப்பாட்டோடு போடும் இன்சுலினை ஏற்ற வேண்டும். ஆட்டம் வந்தால் சாப்பாடு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். குளுக்கோஸ் பிஸ்கட் ஒரு பக்கற் கையோடு இருக்கட்டும்.

இறங்கிய பின்னும் உடம்பு கொழும்பு நேரத்திலேயே நிற்கிறது

லண்டனில் விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகிறதா? சரியாகத்தான் வேலை செய்கிறது, உடம்புக்கு அது கோடையில் காலை ஏழரை மணி, குளிர்காலத்தில் எட்டரை மணி. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போவது கொஞ்சம் இலகு, மெல்பேர்ண் போல கிழக்கே போவதும் லண்டனிலிருந்து கொழும்புக்குத் திரும்பி வருவதும் கடினம். லண்டன் போனவர்கள் முதல் மூன்று நாளும் பின்னேரம் வெளிச்சத்தில் நடந்து, இரவு ஒன்பது மணிக்கு முன் படுக்காமல் இருக்கப் பாருங்கள். பகலில் கண் சொருகினால் இருபது நிமிடம் மட்டும், அதுவும் மூன்று மணிக்கு முன். விடிய மூன்றுக்கு எழும்பி லைற்றைப் போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினால் உடம்பு அதையே காலை என்று பழகிவிடும். லைற்றைப் போடாமல் படுத்திருங்கள். கொழும்புக்கு அழைப்பு எடுப்பதைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.